மேடை ஏறிய போர் – 14: சூப்புக்கு மிளகுத்தூள் இல்லை

சென்ற பகுதியில் பதினெட்டாம் போர்க் கூத்தோடு நிறுத்தியிருந்தோம். விடியும் நேரத்தில் துரியோதனன் தொடை முறிந்து விழ, படுகளத்தைச் சுற்றி நிற்கும் ஊர் மூக்கைச் சிந்தும். அந்தக் கூட்டத்தில் குருக்ஷேத்திரம் போய்வந்தவர் ஒருவரும் கிடையாது. ஆனால் மேடையில் காட்டப்படும் அதே போருக்குப் போய், சுட்டு, சுடப்பட்டு, உயிரோடு திரும்பிய ஆள் டிக்கெட் எடுத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தால்? அந்த நாடகமும் போருக்கு மாலை போடாமல் அதன் நாற்றத்தை முகத்தில் வீசினால்? இதைப் பார்க்க நாம் 1930ஆம் ஆண்டின் சிங்கப்பூருக்குப் போகவேண்டும்.

கடையநல்லூர்க்காரர்களுக்குச் சிங்கப்பூர் ஒரு பக்கத்து ஊர் மாதிரி. அந்தக் காலத்தில் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் நம்மூர் முஸ்லிம் குடும்பங்கள் திரளாக இருந்தன. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று 1941இல் சங்கமே அமைத்துவிட்டார்கள். தஞ்சோங் பகாரிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான், ஆற்றங்கரை ஓரம், மணிக்கூண்டோடு விக்டோரியா அரங்கு நிற்கிறது. 1930இல் அங்கே ‘தி குவெய்ன்ட்ஸ்’ என்ற ஆங்கில நாடகக் குழு வந்து இறங்கியிருந்தது. இந்தியா, மலாயா, சீனத் துறைமுகங்கள் என்று கப்பலில் சுற்றி நாடகம் போடும் குழு அது. பின்னாளில் பெரும் திரைநடிகரான ஜான் மில்ஸ் அப்போது அதில் 22 வயதுப் பையன்.

அதே சமயம் லண்டன் மேடையின் செல்லப்பிள்ளை நோயல் கவர்ட் கீழை நாடுகளைச் சுற்றிக்கொண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். கூட வந்த நண்பர் சீதபேதியில் படுத்துவிட, கவர்டுக்கு ஊரை விட்டு நகர முடியவில்லை. பொழுது போகாமல் நாடகக்காரர்களோடு சேர்ந்தார். பேச்சோடு பேச்சாக அவர்களுடைய ‘ஜர்னிஸ் எண்ட்’ நாடகத்தில் மூன்று இரவுகள் கதாநாயகன் ஸ்டான்ஹோப்பாக நடிக்க ஒப்புக்கொண்டார். பட்டுச் சட்டையும் நக்கல் வசனமுமாகப் பேர் வாங்கியவர், சேறு அப்பிய காப்டன் வேடத்தில் நின்றார்.

யார் பார்த்திருப்பார்கள்? நம்மூர் ஆட்களுக்கு அந்த வாசலில் வேலை இல்லை. ரப்பர் தோட்டத்துத் துரைமார், வங்கி மேலாளர்கள், துறைமுக அதிகாரிகள், கோட்டைப் பட்டாளத்தார் – இவர்கள்தான். முதல் உலகப் போர் முடிந்து 12 ஆண்டுகளே ஆகியிருந்தன. நாற்பதை எட்டாத வெள்ளைக்கார ஆணென்றால், பிரான்சிலோ மெசபடோமியாவிலோ குழிக்குள் கிடந்து வந்தவராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அரங்கு நிறைய முன்னாள் சிப்பாய்கள் என்று சொன்னாலும் பெரிய பிழையில்லை.

நாடகத்தை எழுதியவரும் அப்படி வந்தவர்தான். ஆர். சி. ஷெரிப் – காப்பீட்டுக் கம்பெனி குமாஸ்தா. படகோட்டும் சங்கத்துக்கு நிதி திரட்ட நாடகம் எழுதிப் பழகியவர். போரில் ஈஸ்ட் சர்ரே படைப்பிரிவின் 9ஆம் பட்டாலியனில் அதிகாரியாக இருந்து, 1917இல் பாஷன்டேல் களத்தில் காயம்பட்டு இங்கிலாந்து திரும்பினார். மறுபடி அவர் போர்முனைக்குப் போகவே இல்லை. அவருடைய கதையோ 1918 மார்ச் 18 தொடங்கி 21 வரை, சான் கான்டன் அருகே ஒரு பதுங்குகுழியில் நடக்கிறது. 21ஆம் தேதி விடிகாலையில் ஜெர்மனி தன் கடைசிப் பெருந்தாக்குதலைத் தொடங்கியது. ஷெரிப்பின் பழைய பட்டாலியன் அந்த நாட்களில்தான் அடிவாங்கிச் சிதைந்தது. தான் இல்லாதபோது தன் கூட்டாளிகளுக்கு நேர்ந்ததை, பத்து வருஷம் கழித்து, மாலையில் வேலை முடிந்து வந்து உட்கார்ந்து எழுதியிருக்கிறார். நாடகத்தின் அடியில் ஓடும் குற்றவுணர்வுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரே குழி. ஈழத்தமிழர் பங்கர் என்பார்களே, அதுதான். 21 வயதுக் காப்டன் ஸ்டான்ஹோப், மூன்றாண்டு முனையில் நின்றதில் விஸ்கி இல்லாமல் நிற்க முடியாதவன் ஆகிவிட்டான். எல்லோரும் மாமா என்று அழைக்கிற ஆஸ்போர்ன், பள்ளி ஆசிரியர். ஸ்டான்ஹோப்பைப் பள்ளிநாள் வீரனாகக் கும்பிடுகிற ராலே, புதிதாக வந்த பையன். நரம்புவலி என்று சொல்லி ஊருக்குத் தப்பிப்போகப் பார்க்கும் ஹிப்பர்ட். சாப்பாட்டைப் பற்றியே பேசும் ட்ராட்டர். முதல் அங்கத்தில் ஒரு நெருக்கடி: சூப்புக்குப் போட மிளகுத்தூளை மறந்துவிட்டார்கள், அதற்காக ஒரு ஆளையே அனுப்ப வேண்டியிருக்கிறது. அன்னாசி என்று கேட்டு வாங்கிய டப்பாவைத் திறந்தால் உள்ளே ஆப்ரிகாட் பழம். காப்டனுக்கோ ஆப்ரிகாட் கண்ணில் காட்டக் கூடாது. மூன்று நாள் கழித்து இவர்களில் பலர் சாகப்போகிறார்கள். அதுவரை மிளகுத்தூள்தான் பேச்சு.

இந்தப் பிரதியைப் பல நாடக முதலாளிகள் திருப்பி அனுப்பினார்கள். போரை மறக்கத்தானே ஜனம் கொட்டகைக்கு வருகிறது? போதாக்குறைக்கு ஒரு பெண் பாத்திரம்கூட இல்லை. பின்னாளில் ஷெரிப் தன் சுயசரிதைக்கு ‘நோ லீடிங் லேடி’ என்றே பெயர் வைத்தார். கடைசியில் 1928 டிசம்பரில் ஸ்டேஜ் சொசைட்டி என்ற ஆர்வலர் அமைப்பு இரண்டே காட்சிகள் போட்டுப் பார்த்தது. ஸ்டான்ஹோப்பாக நடித்தவர் 21 வயது லாரன்ஸ் ஒலிவியே. இயக்கியவர் ஜேம்ஸ் வேல். அவரும் முன்னாள் அதிகாரிதான். ஜெர்மானியரிடம் பிடிபட்டுக் கைதி முகாமில் கிடந்தபோது நாடகம் கற்றுக்கொண்டவர். பிற்பாடு ஹாலிவுட்டில் ‘பிராங்கன்ஸ்டைன்’ எடுத்து உலகப் புகழ் பெற்றார்.

அடுத்து நடந்ததில் நமக்கு ஒரு கொசுறு இருக்கிறது. வணிக மேடைக்கு நாடகத்தைக் கொண்டுபோனவர் மாரிஸ் பிரவுன் என்ற அமைதிவாதி. அவருக்குப் பணம் கொடுத்தவர்கள் டார்ட்டிங்டன் பண்ணையின் லெனார்ட், டொரோதி எல்ம்ஹர்ஸ்ட் தம்பதியர். இந்த லெனார்ட் யாரென்றால், 1922இல் சாந்திநிகேதனுக்குப் பக்கத்தில் தாகூரோடு சேர்ந்து ஸ்ரீநிகேதன் கிராமப் பணியைத் தொடங்கியவர். தாகூரின் சீடர் பணத்தில், அமைதிவாதி ஒருவரின் பொறுப்பில், சிப்பாய் எழுதி சிப்பாய் இயக்கிய நாடகம் 1929 ஜனவரி 21 அன்று லண்டன் சவாய் அரங்கில் ஏறியது. ஏறத்தாழ 600 காட்சிகள் ஓடியது. ஒரு வருஷத்துக்குள் பல மொழிகளுக்குப் போய்விட்டது.

போருக்குப் போனவர்கள் வந்தார்கள். சிலர் தனியாக, சிலர் மனைவியைக் கூட்டிக்கொண்டு. பத்தாண்டுகளாக வீட்டில் வாய்திறக்காதவர்களுக்கு, நான் இருந்த இடம் இதுதான் என்று காட்ட ஒரு மேடை கிடைத்தது. பாட்டில் வாயில் செருகிய மெழுகுத்திரி, படிக்கட்டுக்கு மேலே தெரியும் வெளிச்சத் துண்டு, தகர டப்பா, சாக்குத் திரை எல்லாம் சரியாக இருந்தன என்பதே அவர்களுடைய முதல் பாராட்டு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாடகத்தைப் போர் எதிர்ப்பு நாடகம் என்று அமைதிவாதிகள் தூக்கிக் கொண்டாடினார்கள். ஷெரிப்போ, தான் அப்படி எழுதவில்லை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தான் அறிந்த மனிதர்களை அப்படியே காட்டினேன், அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. சிப்பாய்களும் அமைதிவாதிகளும் ஒரே நாற்காலி வரிசையில் உட்கார்ந்து ஆளுக்கொரு நாடகம் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

புகார் வராமல் இல்லை. பிரிட்டிஷ் அதிகாரியைக் குடிகாரனாகக் காட்டலாமா என்று ஒரு கூட்டம் கொதித்தது. போர் மோசமானது என்று ஏன் சொன்னாய் என்று அவர்களில் யாரும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களை இழிவாகக் காட்டாதே என்பதே கோபம். முனையில் நின்றவர் பலருக்கு அந்த விஸ்கி பாட்டிலில் ஒரு அதிசயமும் தெரியவில்லை.

நம் பக்கத்து மிலிட்டரிக்காரர்களிடமும் இதே கண்ணைப் பார்க்கலாம். பள்ளி ஆண்டு விழா ஒன்றில் பிள்ளைகள் கார்கில் நாடகம் போட்டார்கள். என் பக்கத்தில் ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர். மகன் பிணமாகத் திரும்ப, தாய் மேடையில் அழுது, போரே வேண்டாம் என்று நீள வசனம் பேசியபோது அவர் முகம் அசையவில்லை. பெட்டிக்கு முன்னால் ஒரு பையன் விறைப்பாகக் கை உயர்த்தியதும் நெளிந்தார். “என்ன வே, தலையில தொப்பி இல்லாம சல்யூட் அடிக்கான்!” என்றார். நம் தரைப்படையில் தொப்பியில்லாத தலையோடு கையால் சல்யூட் செய்வதில்லை. வசனத்தைப் பற்றிக் கேட்டேன். “அந்தம்மா சொன்னது நெசந்தானே? அதுல என்ன இருக்கு?” என்று முடித்துவிட்டார்.

அந்த ஹவில்தாரின் பதிலை ஐரோப்பாவில் உரசிப் பார்க்கலாம். 1928இல் அயர்லாந்தின் அபே அரங்கு ஷான் ஓகேசியின் ‘தி சில்வர் டாஸி’ நாடகத்தை நிராகரித்தது. கால்பந்து வீரன் ஒருவன் போருக்குப் போய் இடுப்புக்குக் கீழே உணர்வற்றவனாகச் சக்கர நாற்காலியில் திரும்பும் கதை. நிராகரித்தவர் மகாகவி யேட்ஸ். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று: போர்க்களத்தில் நிற்காத, அதன் மருத்துவமனைகளில் நடக்காத உங்களுக்கு அந்தப் போரில் உண்மையான ஈடுபாடு இல்லை. ஓகேசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 1915இல் டப்ளின் மருத்துவமனையில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு நடுவே படுத்துக்கிடந்த ஆள் அவர். யேட்ஸ் எந்தக் களத்தில் நின்றார்? இதே யேட்ஸ் 1936இல் ஆக்ஸ்போர்டு கவிதைத் தொகுப்பைத் தொகுத்தபோது, களத்திலேயே செத்த வில்பிரட் ஓவனையும் விட்டுவிட்டார். போகாதவன் எழுதினாலும் ஆகாது, போனவன் எழுதினாலும் ஆகாது என்றால் அப்புறம் யார்தான் எழுதுவது?

ஜெர்மனியில் வாய்ச்சண்டையோடு நிற்கவில்லை. எர்ன்ஸ்ட் டோலர் தானாகப் பட்டாளத்தில் சேர்ந்து 13 மாதம் முனையில் இருந்தவர். பிறகு பவேரியப் புரட்சியில் கலந்து ஐந்தாண்டு சிறை. சிறையில் எழுதியது ‘ஹின்கெமான்’. போரில் ஆண்மையை இழந்து திரும்பிய தொழிலாளி, பிழைப்புக்காகச் சந்தைக் கூடாரத்தில் எலியைக் கடித்துக் காட்டி, ஜெர்மன் வீரத்தின் சின்னமாக விளம்பரப்படுத்தப்படுகிறான். 1923இல் லைப்சிக்கில் அமைதியாகவே ஓடிய நாடகம், 1924 ஜனவரியில் டிரெஸ்டனில் தேசியவாதக் கும்பல் போட்ட கூச்சலில் முங்கியது. எழுதியவர் அப்போதும் சிறையில்தான். ஆறு வருஷம் கழித்து 1930 டிசம்பரில் பெர்லினில் ‘ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் பிரன்ட்’ படம் திரையிட்டபோது அரங்குக்குள் வெள்ளெலிகளையும் நாற்றக் குண்டுகளையும் விட்டார்கள். அது சினிமா, ஆனால் கலாட்டா ஒரே ரகம். மூலக் கதை எழுதிய ரெமார்க் 1917இல் காயம்பட்ட சிப்பாய். கலாட்டாவை முன்னின்று நடத்தியவர் கோயபல்ஸ். கால் ஊனத்தால் பட்டாளம் அவரைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அவர் பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் போர் முடிந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்த வயசு. ஒரு வாரத்துக்குள் அரசு படத்தைத் தடை செய்தது. முன்னாள் சிப்பாய்கள் எல்லோரும் அமைதிப் புறாக்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஹிட்லரும் ஒரு முன்னாள் சிப்பாய்தான். ஆனால் போர் எதிர்ப்பு நாடகம் ஒன்றில் கல் விழுந்தால், எறிந்த கை முனைக்குப் போன கையா என்று முதலில் பார்ப்பது நல்லது.

சிங்கப்பூருக்குத் திரும்புவோம். நோயல் கவர்ட் 1918இல் பட்டாளத்துக்கு அழைக்கப்பட்டவர்தான். ஆனால் பயிற்சி முகாமும் மருத்துவமனையுமாகச் சில மாதம் இழுபட்டு, உடல்தகுதி இல்லையென்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார். முனையின் வாசம்கூடப் படாதவர். மூன்று இரவுகள் ஸ்டான்ஹோப்பாக நின்றது அவரை உலுக்கிவிட்டது. ஊர் திரும்பும் கப்பலில் ‘போஸ்ட்-மார்ட்டம்’ என்று ஒரு நாடகம் எழுதினார். 1917இல் குண்டடிபட்டுச் செத்துக்கொண்டிருக்கும் ஜான் கேவன் என்ற இளைஞன், சாவின் விளிம்பில் நின்று 1930ஆம் வருஷத்துக்கு ஆவியாகப் போய்ப் பார்க்கிறான். அப்பா பத்திரிகை முதலாளி; போர்க்காலத்தில் அச்சிட்ட அதே புளுகை இன்னும் அச்சிட்டுக்கொண்டிருக்கிறார். கூட இருந்த தோழர்கள் தொந்தியும் தொழிலுமாகச் செட்டிலாகிவிட்டார்கள். உண்மையை எழுதிய ஒருவன் மட்டும் தற்கொலைக்குத் தயாராகிறான். கேவன் திரும்பிப் போய்ச் சாகிறான். கவர்ட் எழுதியதிலேயே கோபம் மிகுந்த நாடகம் இதுதான். ஷெரிப்பிடம் கோபமே இல்லை. குழிக்குள் இருந்தவருக்கு மிளகுத்தூள் போதுமாக இருந்தது. குழிக்குப் போகாதவரிடம்தான் இத்தனை சத்தம். நாடகமாக ‘ஜர்னிஸ் எண்ட்’டே தேர்ந்தது என்று நான் நினைக்கிறேன்.

1931இல் புத்தகமாக வந்ததோடு சரி. கவர்ட் அதை மேடையேற்றவில்லை. முதன்முதலில் அதை மேடையேற்றியவர்கள் யார் என்பதுதான் ருசிகரம். 1944இல், பவேரியாவில் ஐஷ்டெட் என்ற ஊரில், ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள். கைதி முகாமுக்குள், தங்களையே சிறையில் தள்ளிய போர் வெளியில் நடந்துகொண்டிருக்கும்போது, போரை இவ்வளவு ஏசுகிற நாடகத்தைத் தேடிப்பிடித்துத் தாங்களே நடித்து, தங்களுக்கே காட்டிக்கொண்டார்கள். தொழில்முறை மேடையில் அது ஏற 1992வரை ஆயிற்று. அப்போது கவர்ட் இறந்து 19 வருஷம் ஆகியிருந்தது.

அதற்குள் விக்டோரியா அரங்கு வேறு நாடகங்களைப் பார்த்துவிட்டது. ஜப்பானியக் குண்டுவீச்சின்போது அந்தக் கட்டடம் காயம்பட்டவர்களுக்கு மருத்துவமனை ஆனது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபின் மணிக்கூண்டுக் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்தார்கள். 1946இல் ஜப்பானியப் படை அதிகாரிகள் மீதான போர்க்குற்ற விசாரணை அரங்கை ஒட்டிய நினைவு மண்டபத்தில் நடந்தது. அதே 1946இல்தான் நம்மூர் லீக் அங்கே உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கியது.

போரிலிருந்து வந்தவர்களுக்குப் போரைக் காட்டும் வழக்கத்தை இங்கிலாந்து கண்டுபிடிக்கவில்லை. ஏதென்ஸில் நாடகம் பார்த்த ஆண்களில் படையில் நிற்காதவர் அரிது. கி.மு. 494இல் பாரசீகர் மிலேட்டஸ் நகரை அழித்தார்கள். பிரினிகஸ் என்ற நாடகாசிரியர் அதை மேடையேற்ற, கொட்டகை முழுவதும் கதறி அழுதது. சொந்தத் துயரத்தை நினைவூட்டியதற்காக அவருக்கு 1,000 திராக்மா அபராதம். இனி அந்த நாடகம் எங்கும் நடக்கக் கூடாது என்று தடை. ஹெரடோட்டஸ் எழுதிவைத்த செய்தி இது. கி.மு. 472இல் ஈஸ்கிலஸ் புத்திசாலித்தனமாக எதிராளியின் வீட்டைக் காட்டினார். சலாமிஸ் கடற்போரில் ஜெயித்து எட்டே வருஷம் ஆகியிருந்த கூட்டத்துக்கு முன்னால், தோற்றுப்போன பாரசீக அரண்மனையின் ஒப்பாரியை அரங்கேற்றினார். பரிசும் வாங்கினார். அவரே மராத்தான் களத்தில் நின்றவர். தம்பியோ அண்ணனோ, உடன்பிறந்த ஒருவரை அங்கே பலிகொடுத்தவர். அவர் கல்லறை வாசகம் மராத்தானைச் சொல்கிறது. நாடகம் எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சோபக்ளிஸ் தளபதியாகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவருடைய ‘அயாக்ஸ்’ மாவீரன். மரியாதை மறுக்கப்பட்ட ஆத்திரத்தில் புத்தி பேதலித்து, எதிரிகள் என்று எண்ணி ஆடுமாடுகளை வெட்டிக் குவிக்கிறான். தெளிந்ததும் அவமானம் தாங்காமல் தன் வாளிலேயே பாய்ந்து சாகிறான். நமக்கு இது அந்நியமான ஆள் இல்லை. வெண்ணிப் போரில் மார்பில் பாய்ந்த வேல் முதுகுவழி வெளிவந்ததால், புறப்புண் என்று நாணி வடக்கிருந்து உயிர்விட்ட சேரமான் பெருஞ்சேரலாதனை நினைத்துக்கொள்ளுங்கள். ஜெயித்த கரிகாலனின் முகத்துக்கு நேரே, உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்று கேட்டவர் வெண்ணிக் குயத்தியார். இந்தக் காட்சியை ஏன் நம் நாடகக்காரர்கள் யாரும் பட்டாளத்து ஆட்களுக்கு முன்னால் போட்டுப் பார்க்கக் கூடாது?

அமெரிக்காவில் போட்டார்கள். பிரையன் டோரிஸ் என்ற மொழிபெயர்ப்பாளர் 2008 ஆகஸ்டில் சான் டியாகோவில் ஒரு ஓட்டல் கூடத்தில், 400 கடற்படைத் தரைவீரர்களும் மனைவிமாரும் கூடியிருக்க, சோபக்ளிஸின் ‘அயாக்ஸ்’, ‘பிலோக்டெட்டஸ்’ இரண்டிலிருந்தும் காட்சிகளை நடிகர்களை வைத்து வாசிக்கச் செய்தார். செட்டிங் கிடையாது; மேசை, நாற்காலி, மைக். முடிந்ததும் முக்கால் மணி நேரம் பேசலாம் என்று திட்டம். மூன்று மணி நேரம் தாண்டியும் மைக்குக்கு வரிசை நின்றது. முதலில் எழுந்தவர் ஒரு வீரரின் மனைவி. கணவர் நான்கு முறை போருக்குப் போய் வந்ததையும், ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத பிணங்களை வீட்டுக்குள் இழுத்து வந்ததையும் சொன்னார். பின்னொரு முறை ஜெர்மனியிலிருந்த அமெரிக்க முகாமில் டோரிஸ், சோபக்ளிஸ் இதை எதற்கு எழுதியிருப்பார் என்று கேட்க, இளம் சிப்பாய் ஒருவர் மன உறுதியை ஏற்றத்தான் என்றார். பெரிய வீரன் பைத்தியமாகிச் சாவதைப் பார்த்தால் உறுதி எப்படி ஏறும்? உண்மையை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறோமே, அதனால் என்பது பதில்.

பிரிகேடியர் ஜெனரல் லோரி சட்டன் என்ற மனநல மருத்துவர் ஆதரவு தர, 2009இல் பென்டகனே 37 லட்சம் டாலர் ஒதுக்கி 100 காட்சிகளுக்கு ஏற்பாடு செய்தது. இங்கேதான் எனக்குக் கொஞ்சம் நெருடுகிறது. பேசாமல் குமைந்தவர்கள் பேசினார்கள், நல்லது. தளபதியே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, மனைவி எழுந்து நின்று உண்மையைச் சொல்ல ஒரு மேடை வாய்த்தது. அதுவும் சின்ன விஷயமில்லை. ஆனால் அதே 2009 டிசம்பரில்தான் ஆப்கானிஸ்தானுக்கு மேலும் 30,000 படையினரை அனுப்ப உத்தரவாயிற்று. திரும்பி வந்தவரின் புண்ணுக்கு மருந்து போடும் நாடகத்துக்கு ராணுவம் காசு கொடுக்கும். அடுத்தவரை அனுப்பாதே என்று சொல்லும் நாடகத்துக்குக் கொடுக்குமா?

அர்ஜென்டினாவின் லோலா அரியாஸ் ராணுவக் காசுக்கோ நடிகர்களுக்கோ போகவில்லை. 1982 பால்க்லாந்து போரில் எதிரெதிரே நின்ற ஆறு பேரையே 2016இல் ‘மைன்பீல்ட்’ நாடகத்தில் மேடையேற்றினார்: மூன்று அர்ஜென்டினர், இரண்டு பிரிட்டிஷார், பிரிட்டிஷ் படையில் இருந்த நேபாளக் கூர்க்கா ஒருவர். 74 நாள் போர். அர்ஜென்டினர் 649 பேரும் பிரிட்டிஷ் தரப்பில் 255 பேரும் செத்தார்கள். ரூபென் ஓட்டேரோ, 323 பேரோடு மூழ்கிய பெல்கிரானோ கப்பலிலிருந்து தப்பியவர். லூ ஆர்மர், போர் முடிந்து ஐந்தாம் வருஷம் ஒரு ஆவணப்படத்தில், தன் கண்முன் செத்த அர்ஜென்டின அதிகாரியை நினைத்து அழுதுவிட்டவர். அந்தப் பழைய காட்சியைத் திரையில் ஓடவிட்டு, பக்கத்தில் நின்று பார்க்கிறார். தன் ஆட்களுக்காக அழாமல் எதிராளிக்காக ஊர் பார்க்க அழுதோமே என்று எத்தனையோ வருஷம் கூசிப்போயிருந்ததைச் சொல்கிறார். கிட்டாரும் டிரம்முமாக ஆறு பேரும் சேர்ந்து பாட்டும் வாசிக்கிறார்கள். போர் கூடாது என்ற உபதேசம் இதில் கிடையாது. மேடையில் நிற்பவரும் கீழே உட்கார்ந்திருப்பவரும் முன்னாள் சிப்பாயாகவே இருக்கும்போது உபதேசம் செய்ய யாரும் மிச்சமில்லை.

நமக்கு இன்னும் பக்கத்தில், இலங்கையில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய சுனேரா அறக்கட்டளை மாற்றுத்திறன் இளைஞர்களுக்கு நாடகப் பயிற்சி கொடுத்தது. லண்டனில் அமிச்சி நடனக் குழுவை நடத்திய வோல்ப்காங் ஸ்டாங்கே பயிற்றுவித்தார். ராகமவிலுள்ள ரணவிரு செவன மறுவாழ்வு நிலையத்திலிருந்து, கால் இழந்த, கை இழந்த சிங்களப் போர்வீரர்கள் வந்து அந்த இளைஞர்களோடு மேடையில் ஆடினார்கள். அப்போது போர் முடிந்திருக்கவில்லை.

அதே இலங்கையிலிருந்து 1990 மார்ச்சில் இந்திய அமைதிப்படை சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியது. மூன்றாண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் ஏறத்தாழ 1,200 பேரைப் பலிகொடுத்திருந்தார்கள். தமிழரைக் கொன்ற படையை வரவேற்கப் போகமாட்டேன் என்று முதல்வர் கருணாநிதி சொல்லிவிட்டார். அந்தப் படையில் மதராஸ் ரெஜிமென்ட் சிப்பாய்கள் உண்டு. தமிழ் பேசும் கிராமங்களில், தமிழில் கெஞ்சியவர்களுக்கு முன்னால் துப்பாக்கியோடு நின்றவர்கள் அவர்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு எழுதுவது இத்தொடரின் வேலை இல்லை. கப்பல் படியில் இறங்கும் அந்தத் தமிழ்ச் சிப்பாயை நடுவில் நிறுத்தி, அதே படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களைப் பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ முன்வரிசையில் உட்காரவைத்து ஒரு நாடகம் நடக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. சீருடைப் பட்டையும் பேட்ஜும் சரியாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அதில் தேறினால் மற்றதைக் கேட்பார்கள்.

இலங்கைப் போரைத் தமிழ் மேடை தொடாமல் விடவில்லை. அமைதிப்படை போய் இறங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1985இல், யாழ்ப்பாணத்தில் ‘மண் சுமந்த மேனியர்’ ஏறிவிட்டது. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதினார்; க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்தார். அங்கே பார்வையாளருக்குப் போர் முடிந்துபோன சங்கதி இல்லை. கொட்டகைக்கு வெளியே காத்திருந்தது. அடுத்த பகுதியை அங்கிருந்து தொடங்குகிறேன்.

(தொடரும்)